தண்ணீரிலிருந்து பெராக்சைடு: பாதி வழியில் நிற்கத் தெரிந்த வினையூக்கிகள்

"வெறும் தண்ணீரும் மின்சாரமும் போதும், ஹைட்ரஜன் பெராக்சைடு தயார்" என்ற வகையில் அறிவியல் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. புதிய மின்வினையூக்கி, புதிய சாதனை, புதிய சதவீதம் என்று ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தலைப்பில் இருக்கும். படிப்பவருக்கு இரண்டு சந்தேகங்கள் எழுவது இயல்பு. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வரும் என்றுதானே பள்ளியில் படித்தோம், பெராக்சைடு எங்கிருந்து வந்தது? இவ்வளவு எளிது என்றால் ஏன் இன்னும் எல்லா ஆலைகளிலும் இப்படித் தயாரிக்கவில்லை?

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வழக்கமாக ஒரு வினையை முழுதாகவும் வேகமாகவும் முடித்து வைப்பதுதான் வினையூக்கியின் வேலை. இங்கே அது வினையைப் பாதி வழியில் நிறுத்த வேண்டும். அது ஏன் இவ்வளவு கடினம் என்று புரிந்துவிட்டால் செய்திகளில் வரும் எண்களைச் சரியாக எடை போடலாம்.

## பெராக்சைடு என்றால் என்ன

தண்ணீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். ஹைட்ரஜன் பெராக்சைடில் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். அந்த இரண்டு ஆக்சிஜனும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன. அதன் குணம் முழுவதும் அந்தப் பிணைப்பில்தான் இருக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பை உடைக்க மோலுக்கு 460 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். பெராக்சைடில் இரு ஆக்சிஜன்களுக்கு இடையிலான பிணைப்புக்கு சுமார் 210 கிலோஜூல் போதும். அதனால் சுலபமாக அறுந்து, பக்கத்தில் இருக்கும் அழுக்கையோ நிறத்தையோ கிருமியையோ ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டு, கடைசியில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் மாறிவிடும். உப்போ குளோரினோ மிச்சம் வைக்காது.

மருந்துக்கடையில் வாங்கும் 3 சதவீத பெராக்சைடைப் புண்ணில் ஊற்றினால் வெள்ளையாக நுரைக்கிறதே, அது இந்தச் சிதைவுதான். இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை நொடியில் உடைக்கிறது, வெளிவரும் ஆக்சிஜன் நுரையாகிறது. அதே பாட்டிலில் சில நேரம் '10 வால்யூம்' என்று போட்டிருப்பார்கள். ஒரு பங்கு திரவம் முழுதும் சிதைந்தால் 10 பங்கு கன அளவு ஆக்சிஜன் வாயு கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம்.

1818-ல் இதைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி ழாக் தெனார். பேரியம் பெராக்சைடோடு அமிலத்தைச் சேர்த்து இதை எடுத்தார். பிரெஞ்சு மொழியில் இன்றும் இதற்கு 'ஆக்சிஜன் ஏற்றிய தண்ணீர்' என்றுதான் பெயர். அந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றும். தண்ணீருக்குள் ஆக்சிஜனைக் குமிழ விட்டால் பெராக்சைடு வராது, ஆக்சிஜன் கரைந்த தண்ணீர்தான் வரும். தண்ணீரிலிருந்து பெராக்சைடுக்குப் போவது மேட்டில் ஏறுவது மாதிரி, வெளியிலிருந்து ஆற்றல் கொடுத்தே ஆக வேண்டும். பெராக்சைடு தண்ணீராகச் சிதையும்போது மோலுக்கு 98 கிலோஜூல் வெப்பம் வெளிவருவதே அதற்குச் சாட்சி.

## இப்போது எப்படித் தயாரிக்கிறார்கள்

உலகம் முழுவதும் ஆண்டுக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் பெராக்சைடு தயாராகிறது. காகிதக் கூழை வெளுப்பது, பருத்தித் துணியை வெளுப்பது, கழிவுநீர் சுத்திகரிப்பு, சிப் தயாரிப்பில் சிலிக்கான் தகடுகளைக் கழுவுவது, பால் அட்டைப் பெட்டிகளைக் கிருமிநீக்கம் செய்வது, புரொப்பிலீன் ஆக்சைடு தயாரிப்பது என்று பட்டியல் நீளம். இதில் 95 சதவீதத்துக்கு மேல் ஒரே முறையில் வருகிறது. அதுதான் 1930-களில் ஜெர்மனியில் ரீடலும் ஃபிளைடரரும் உருவாக்கிய ஆந்த்ராகுவினோன் முறை.

அதன் சாரம் இதுதான். ஆந்த்ராகுவினோன் என்ற கரிமச் சேர்மத்தை ஒரு கரைப்பானில் கரைத்து, பல்லேடியம் வினையூக்கியின் முன்னிலையில் ஹைட்ரஜன் ஏற்றுவார்கள். அப்புறம் அதற்குள் காற்றை ஊதுவார்கள். ஏறிய ஹைட்ரஜனைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் பறித்துக்கொண்டு பெராக்சைடாக மாறும். அதைத் தண்ணீரால் பிரித்தெடுத்து, காய்ச்சி வடித்து அடர்த்தியாக்குவார்கள். ஆந்த்ராகுவினோன் பழைய நிலைக்குத் திரும்பி மறுசுற்றுக்குப் போகும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நேரடியாகச் சந்திக்காததால் வெடிக்கும் ஆபத்து குறைவு. 90 ஆண்டுகளாக இந்த முறை நிலைத்திருக்க அந்தச் சாமர்த்தியம் ஒரு முக்கியக் காரணம்.

குறைகளும் உண்டு. ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, கூடவே கார்பன் டைஆக்சைடும் வருகிறது. கரைப்பானும் ஆந்த்ராகுவினோனும் சிறுகச் சிறுகச் சிதைந்து கழிவாகின்றன. பெரிய ஆலையாகக் கட்டினால்தான் கட்டுப்படியாகும். மின்வேதி முறைக்கு வாசல் திறப்பது இந்தக் கடைசிக் குறைதான்.

## அடர்த்தியாக அனுப்பி, நீர்க்கச் செய்து பயன்படுத்துவது

பெரிய ஆலை எங்கோ இருக்கும், தேவை ஊர் ஊராக இருக்கும். லாரியில் தண்ணீரைச் சுமப்பது வீண் என்பதால் 50 சதவீதம் அல்லது அதற்கும் மேலான அடர்த்தியில் அனுப்புகிறார்கள். அந்த அடர்த்தியில் அது தோலைப் பொசுக்கும், துருவோ மண்ணோ விழுந்தால் கொதித்துச் சிதையும். இன்னும் அதிக அடர்த்தியில் அது ராக்கெட் உந்துபொருள் வகையைச் சேர்ந்தது. 2000 ஆகஸ்டில் பேரன்ட்ஸ் கடலில் மூழ்கி 118 பேரின் உயிரைப் பறித்த ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல் குர்ஸ்க் விபத்து, ஒரு டார்பிடோவில் இருந்த அடர் பெராக்சைடு கசிந்ததில் தொடங்கியது என்பதே அதிகாரபூர்வ விசாரணையின் முடிவு.

இவ்வளவு ஆபத்தோடு கொண்டுவந்ததைப் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் ஊற்றிக் கரைக்கிறார்கள். துணி வெளுக்கும் தொட்டியில் லிட்டருக்குச் சில கிராம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கைச்சுத்திகரிப்பான் செய்முறையில் 0.125 சதவீதம். கழிவுநீர் சுத்திகரிப்பில் பல நேரம் அதற்கும் கீழே.

தேவை நீர்த்த கரைசல்தான் என்றால், தேவைப்படும் இடத்திலேயே, தேவைப்படும் நேரத்தில், நீர்த்ததாகவே தயாரித்துக்கொண்டால் என்ன? மின்வேதி ஆராய்ச்சியின் உண்மையான பலம் இந்தக் கேள்வி. பெரிய ஆலைகளோடு டன் கணக்கில் போட்டி போடுவதற்கு அல்ல, அந்த லாரிப் பயணத்தை இல்லாமல் ஆக்குவதற்கே இது பொருந்தும் என்பது என் கணிப்பு.

## இரண்டு பாதைகள், ஒரே தலைப்பு

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. மின்சாரத்தால் பெராக்சைடு தயாரிக்க ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வழிகள் உள்ளன. செய்திகள் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுவிடுகின்றன.

முதலில் சில சொற்கள். மின்னாற்பகுப்புக் கலத்தில் இரண்டு மின்முனைகள் இருக்கும். எலக்ட்ரான் பிடுங்கப்படும் இடம் நேர்மின்வாய், அங்கே நடப்பது ஆக்சிஜனேற்றம். எலக்ட்ரான் கொடுக்கப்படும் இடம் எதிர்மின்வாய், அங்கே நடப்பது ஒடுக்கம். மின்முனையின் மேற்பரப்பில் இருந்துகொண்டு எந்த வினை நடக்கும், எவ்வளவு வேகமாக நடக்கும் என்று தீர்மானிக்கும் பொருள்தான் மின்வினையூக்கி.

1. ஆக்சிஜன் ஒடுக்கப் பாதை. எதிர்மின்வாயில் காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கு இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு புரோட்டான்களையும் கொடுத்தால் பெராக்சைடு. நான்கு எலக்ட்ரான்கள் கொடுத்துவிட்டால் அது தண்ணீராகப் போய்விடும்.

2. தண்ணீர் ஆக்சிஜனேற்றப் பாதை. நேர்மின்வாயில் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை எடுத்தால் பெராக்சைடு. நான்கு எடுத்துவிட்டால் ஆக்சிஜன் வாயு.

இரண்டிலும் பெராக்சைடு நடுவழியில் வரும் ஊர்தான். முதல் பாதை இறக்கத்தில் வருகிறது, இரண்டாவது ஏற்றத்தில் போகிறது. முதல் பாதையில் இரு ஆக்சிஜன்களுக்கு இடையிலான பிணைப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதை உடையாமல் காப்பாற்றினால் போதும். இரண்டாவதில் அந்தப் பிணைப்பைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதனால்தான் முதல் பாதை முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது. 1990-களிலேயே வட அமெரிக்கக் காகித ஆலைகளுக்காக ஹூரான்–டவ் முறை என்ற பெயரில் அது தொழில் வடிவத்துக்கு வந்தது. 2019-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு, திண்ம மின்பகுளியை (மின்முனைகளுக்கு நடுவே உப்புக் கரைசலுக்குப் பதிலாக அயனிகளைக் கடத்தும் திடப்பொருளை) பயன்படுத்தி உப்பே கலக்காத பெராக்சைடு கரைசலை 20 சதவீதம் வரை எடுத்துக் காட்டியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் துத்தநாகம்–காற்று மின்கலத்தில் பெராக்சைடை உருவாக்கி, அதைக் கொண்டே சாய நச்சைச் சிதைத்திருக்கிறார்கள். அதுவும் ஆக்சிஜன் ஒடுக்கப் பாதைதான்.

'தண்ணீரிலிருந்து பெராக்சைடு' என்ற சொல்லுக்கு முழுப் பொருத்தம் இரண்டாவது பாதைக்கே உண்டு. காற்றை ஊதும் ஏற்பாடு வேண்டாம், மூலப்பொருள் தண்ணீர் மட்டுமே. எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் கூடவே கிடைக்கும். இனி அதைப் பார்ப்போம்.

## 1.23-க்கும் 1.76-க்கும் நடுவே

தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க மின்னழுத்தம் வேண்டும். ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பிட்டுச் சொன்னால் கணக்கு இப்படி:

1. நான்கு எலக்ட்ரான் எடுத்து ஆக்சிஜன் வாயுவாக்க: 1.23 வோல்ட்.
2. இரண்டு எலக்ட்ரான் எடுத்து பெராக்சைடாக்க: 1.76 வோல்ட்.
3. ஒரே ஒரு எலக்ட்ரான் எடுத்து, தனியாகத் திரியும் ஹைட்ராக்சில் (ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) தனி உறுப்பாக்க: சுமார் 2.4 வோல்ட் அல்லது அதற்கு மேல்.

குறைவான எலக்ட்ரான் எடுப்பதற்குத்தான் அதிக மின்னழுத்தம் வேண்டும். முதல் பார்வைக்கு இது தலைகீழாகத் தெரியும். காரணம் எளிது. ஆக்சிஜன் வாயு மிக நிலையான பொருள், பெராக்சைடு நிலையற்றது, தனி உறுப்பு இன்னும் நிலையற்றது. நிலையற்ற இடத்தில் போய் நிற்க ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதன் விளைவு கொஞ்சம் கடுமையானது. பெராக்சைடு கிடைக்கும் 1.76 வோல்ட்டை எட்டும்போது, ஆக்சிஜன் வாயு உருவாவதற்குத் தேவையானதைவிட 0.53 வோல்ட் அதிகமாகவே கொடுத்துவிட்டிருக்கிறோம். அந்தக் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. உருவான பெராக்சைடே அதே நேர்மின்வாயில் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆக்சிஜனாகிவிடும், அதற்கு 0.7 வோல்ட்டே போதும். வெப்ப இயக்கவியல் கணக்குப்படி பார்த்தால் பெராக்சைடு அங்கே தங்கவே கூடாது. தங்குகிறது என்றால் மற்ற பாதைகளில் தடை போட்டு அவற்றை மெதுவாக்குவதால் மட்டுமே. அந்தத் தடையை உருவாக்குவதுதான் வினையூக்கியின் பணி.

## மேற்பரப்பில் நடப்பது

வினையூக்கியின் மேல் ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து உட்காருகிறது. ஒரு எலக்ட்ரானும் ஒரு புரோட்டானும் போனதும் மேற்பரப்பில் மிஞ்சுவது ஹைட்ராக்சில். இந்த இடத்தில் வழி மூன்றாகப் பிரிகிறது.

மேற்பரப்பு ஹைட்ராக்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டால், மிச்சமுள்ள ஹைட்ரஜனும் பிடுங்கப்பட்டுத் தனி ஆக்சிஜன் அணு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதோடு இன்னொரு தண்ணீர் சேர்ந்து கடைசியில் ஆக்சிஜன் வாயுவாக முடியும். ஹைட்ரஜன் தயாரிப்பு ஆலைகளில் விரும்பிப் பயன்படுத்தும் இரிடியம் ஆக்சைடு, ருத்தீனியம் ஆக்சைடு இந்த வகை.

பிடியே இல்லாவிட்டால் ஹைட்ராக்சில் தனி உறுப்பாகக் கரைசலுக்குள் பறந்துவிடும். அதற்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். போரான் கலந்த வைர மின்முனை இந்தப் பக்கம் சாயும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி இருக்கிறது. ஹைட்ராக்சில் தங்கும் அளவுக்குப் பிடிக்கும், அதன் ஹைட்ரஜன் உதிரும் அளவுக்கு இறுக்காது. அப்போது ஹைட்ராக்சில் இன்னொரு ஹைட்ராக்சிலோடு சேர்ந்து பெராக்சைடாக வெளியேற வாய்ப்பு கிடைக்கும். கணினி வழி குவாண்டம் கணக்கீடுகள் இதற்கு எண்ணே தருகின்றன. ஒரு பொருளின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் உருவாகத் தேவையான ஆற்றல் 2.4 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும். தனி ஆக்சிஜன் அணு உருவாகத் தேவையானது 3.5 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முதல் நிபந்தனை வினையைத் தொடங்க விடுகிறது, இரண்டாவது நிபந்தனை அது எல்லை தாண்டாமல் வேலி போடுகிறது. சல்லடை போட்டுச் சலிப்பதுபோல் இந்தக் கணக்கால் ஆயிரக்கணக்கான பொருள்களைச் சலித்து, தேறியதை மட்டும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாம்.

## தேறிய பொருள்கள்

பிஸ்மத் வனடேட், டங்ஸ்டன் ஆக்சைடு, டின் ஆக்சைடு, டைட்டானியம் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, கால்சியம் ஸ்டானேட். பெரும்பாலும் சாதாரண உலோக ஆக்சைடுகள், பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்தவை அல்ல. துத்தநாக ஆக்சைடு முகத்துக்குப் பூசும் சன்ஸ்கிரீனிலும் இருக்கிறது. பிஸ்மத் வனடேட் மஞ்சள் பெயின்ட் நிறமி, சூரிய ஒளியை உறிஞ்சும் என்பதால் ஒளியின் உதவியோடு மின்சாரச் செலவைக் குறைக்கும் முயற்சிகளில் அடிக்கடி வருகிறது.

கார்பனும் பட்டியலில் உண்டு. 2020-ல் வந்த ஓர் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருக்கும் அதே டெஃப்லானைக் கார்பன் இழைகளின் மேல் அங்கங்கே பூசினார்கள். டெஃப்லான் தண்ணீரை ஒட்டவிடாது. அதனால் பக்கவினையில் உண்டாகும் ஆக்சிஜன் வாயு அதன் ஓரத்திலேயே சிக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஆக்சிஜன் நெரிசல், மேலும் ஆக்சிஜன் உருவாவது கடினமாகிறது, ஹைட்ராக்சில்கள் பெராக்சைடு பக்கம் திரும்புகின்றன. மின்னோட்டத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பெராக்சைடாக மாறியது. வினையூக்கியின் வேதியியலில் கை வைக்காமல், அதைச் சுற்றி நிற்கும் வாயுவை மட்டும் வைத்துக்கொண்டு வினையின் போக்கைத் திருப்பியிருக்கிறார்கள்.

கார்பனுக்கு ஒரு பலவீனமும் உண்டு. 2 வோல்ட்டுக்கு மேல் வைத்தால் அதுவே மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து தேயும். பிஸ்மத் வனடேட்டிலிருந்து வனேடியம் கரைந்து வெளியேறும். இவ்வளவு உயர்ந்த மின்னழுத்தத்தில், பெராக்சைடும் தனி உறுப்புகளும் சூழ்ந்திருக்கும் நேர்மின்வாய் எந்தப் பொருளுக்கும் கடுமையான இடம்தான்.

## பைகார்பனேட் ஏன் எல்லா ஆய்விலும் வருகிறது

இந்தத் துறையின் ஆய்வுகளில் பொட்டாசியம் பைகார்பனேட் கரைசல் திரும்பத் திரும்ப வரும். ஜப்பானின் தேசிய மேம்பட்ட தொழில் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஃபுக்கு, சயாமா ஆகியோர் 2016-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அது கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது. அதே மின்முனையை வேறு உப்புக் கரைசலில் வைத்தால் பெராக்சைடு சரிந்துவிடும்.

பைகார்பனேட் சும்மா மின்சாரம் கடத்திக்கொண்டு நிற்கவில்லை, வினையிலேயே கலந்துகொள்கிறது. நேர்மின்வாயில் கார்பனேட் அயனிகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து பெராக்சிகார்பனேட் போன்ற இடைப்பொருள்கள் உண்டாகி, அவை தண்ணீரோடு வினைபுரிந்து பெராக்சைடையும் பைகார்பனேட்டையும் திருப்பித் தருகின்றன. அப்படியென்றால் பாதி வினையூக்கி மின்முனையில் இருக்கிறது, மீதி கரைசலில் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கரைசலின் அளவைக் கவனியுங்கள். ஆய்வுகளில் அடிக்கடி வரும் '2 மோலார்' என்பது லிட்டருக்குச் சுமார் 200 கிராம் உப்பு. இந்த எண் கடைசியில் மறுபடி வரும்.

## மின்சாரக் கணக்கு

ஒரு கிலோ பெராக்சைடுக்கு இரண்டு எலக்ட்ரான் கணக்கில் 1,576 ஆம்பியர் மணி மின்னூட்டம் வேண்டும். அதை மின்னழுத்தத்தால் பெருக்கினால் யூனிட் வந்துவிடும்.

1. தண்ணீர் ஆக்சிஜனேற்றம், எதிரே ஹைட்ரஜன்: குறைந்தபட்சம் 1.76 வோல்ட், அதாவது கிலோவுக்கு 2.8 யூனிட். நடைமுறையில் கலத்தின் மின்னழுத்தம் 3 வோல்ட், பாதி மின்னோட்டம் வீண் என்று வைத்துக்கொண்டால் 9.5 யூனிட்.

2. ஆக்சிஜன் ஒடுக்கம், எதிரே சாதாரண ஆக்சிஜன் வெளியேற்றம்: குறைந்தபட்சம் 0.53 வோல்ட், அதாவது 0.84 யூனிட். நடைமுறையில் 2 வோல்ட், 90 சதவீதம் பயன் என்றால் 3.5 யூனிட்.

3. இரண்டு முனைகளிலும் பெராக்சைடு: ஒருபக்கம் தண்ணீரிலிருந்து, மறுபக்கம் காற்றிலிருந்து. 1.06 வோல்ட் வேண்டும், ஆனால் ஒரே மின்னோட்டத்துக்கு இரட்டிப்பு விளைச்சல். கிலோவுக்குப் பார்த்தால் மறுபடியும் அதே 0.84 யூனிட்.

மூன்றாவதை '200 சதவீதத் திறன்' என்று எழுதுகிறார்கள். மின்னோட்டத்தை இரு முனைகளிலும் எண்ணுவதால் வரும் எண் அது. தண்ணீரையும் ஆக்சிஜனையும் சேர்த்து பெராக்சைடாக்க இயற்கை கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல், எந்த ஏற்பாட்டில் செய்தாலும் மாறாது.

முதல் வகையில் கூடவே ஹைட்ரஜன் கிடைக்கிறதே, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? சேர்க்கத்தான் வேண்டும். ஒரு கிலோ பெராக்சைடோடு 59 கிராம் ஹைட்ரஜன் வரும். பசுமை ஹைட்ரஜன் ஆலைகளில் நேர்மின்வாயில் வீணாகும் ஆக்சிஜனுக்குப் பதில் பெராக்சைடு எடுக்கலாம் என்ற யோசனை இதிலிருந்து வந்ததுதான். நல்ல யோசனை, ஆனால் அளவைப் பாருங்கள். இந்தியாவின் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் 2030 இலக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன். அத்தனையும் இப்படித் தயாரித்தால் கூடவே 8 கோடி டன்னுக்கு மேல் பெராக்சைடு குவியும். இன்றைய உலக உற்பத்தியைப்போல் கிட்டத்தட்ட 20 மடங்கு. அவ்வளவையும் வாங்க ஆளில்லை. சில இடங்களில், சிறிய அளவில்தான் இந்த ஜோடி ஒத்துவரும்.

## செய்தியில் எதைப் பார்ப்பது

ஒரு புதிய வினையூக்கி பற்றிப் படிக்கும்போது இந்த வரிசையில் கேட்டுப் பார்க்கலாம்.

1. எந்தப் பாதை? காற்றோ ஆக்சிஜனோ உள்ளே போகிறது என்றால் அது பெரும்பாலும் ஒடுக்கப் பாதை. தலைப்பில் 'தண்ணீர்' இருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

2. ஃபாரடே திறன் எந்த மின்னோட்டத்தில்? செலுத்திய மின்னூட்டத்தில் எத்தனை சதவீதம் பெராக்சைடாயிற்று என்பதே ஃபாரடே திறன். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லியாம்பியரில் 90 சதவீதம் காட்டுவதைவிட 100 மில்லியாம்பியரில் 50 சதவீதம் காட்டுவது பல மடங்கு பெரிய விஷயம்.

3. கடைசியில் சேர்ந்த செறிவு எவ்வளவு? உருவாகும் வேகம் நன்றாக இருந்தாலும், செறிவு ஏற ஏற பெராக்சைடு நேர்மின்வாயிலேயே அழியத் தொடங்கும். ஒரு மில்லிமோலார் என்றால் லிட்டருக்கு வெறும் 34 மில்லிகிராம். சில நிமிட ஓட்டத்தில் எடுத்த வேகத்தை ஒரு நாளுக்குப் பெருக்கிக் கொள்வது தப்பு.

4. எத்தனை மணி நேரம் ஓடியது? ஆய்வுகளில் பெரும்பாலும் சில மணி முதல் சில நூறு மணி வரை. காஸ்டிக் சோடா ஆலைகளின் நேர்மின்வாய்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன, தொழில்துறை எதிர்பார்ப்பது அதைத்தான்.

5. எப்படி அளந்தார்கள்? பெர்மாங்கனேட் ஊற்றி அதன் ஊதா நிறம் மறைவதைப் பார்ப்பது பழைய முறை. டைட்டானியம் உப்பு சேர்த்தால் வரும் மஞ்சள் நிறத்தை ஒளியால் அளப்பது இன்னொன்று. பைகார்பனேட் கரைசலில் பெராக்சைடு தவிர வேறு ஆக்சிஜனேற்றிகளும் இருக்கலாம் என்பதால் ஒரே முறையை நம்பாமல் இரண்டு மூன்றால் சரிபார்த்தார்களா என்று பார்க்க வேண்டும். இரு மின்முனைகளுக்கும் நடுவே சவ்வு போட்டுப் பிரித்தார்களா என்பதும் முக்கியம். பிரிக்காவிட்டால் நேர்மின்வாயில் வந்த ஆக்சிஜன் எதிர்மின்வாய்க்குப் போய் அங்கே பெராக்சைடாகி, கணக்கு நேர்மின்வாயின் பெயரில் ஏறிவிடும்.

## திருப்பூர்த் தொட்டி ஒன்றில் போட்டுப் பார்த்தால்

பெராக்சைடு நமக்கு அருகில் அதிகம் செலவாகும் இடம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகள். கோரா துணியை வெளுக்க, தொட்டியில் காஸ்டிக் போட்டு, பெராக்சைடு ஊற்றி, அது அவசரப்பட்டுச் சிதையாமல் இருக்க சோடியம் சிலிகேட் போன்ற நிலைநிறுத்தியைச் சேர்த்து, கிட்டத்தட்ட கொதிநிலை வரை சூடேற்றுவார்கள். வெளுத்து முடிந்ததும் மிச்சமுள்ள பெராக்சைடைக் கொல்ல கேட்டலேஸ் நொதி சேர்ப்பார்கள். புண்ணில் நுரை வரவழைத்த அதே நொதிதான்.

ஒரு டன் துணிக்கு 50 சதவீதக் கரைசல் 30 கிலோ என்று வைத்துக்கொண்டால், சுத்தமான பெராக்சைடு 15 கிலோ. துணியைப்போல் ஆறு மடங்கு தண்ணீர், அதாவது 6,000 லிட்டர் என்றால், செறிவு லிட்டருக்கு 2.5 கிராம். ஒரு சதுர மீட்டர் நேர்மின்வாய், சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லியாம்பியர், 50 சதவீத ஃபாரடே திறனில் நாளொன்றுக்கு 7.6 கிலோ தரும். நாளொன்றுக்கு ஒரு டன் துணி என்றால் இரண்டு சதுர மீட்டர் மின்முனையும் 140 யூனிட் சொச்சம் மின்சாரமும். இந்த அளவு ஆலைக்குப் பெரிய சுமையாக இருக்காது. பெராக்சைடு அழியாமல் இருக்க, ஆய்வாளர்கள் மின்பகுளியில் சேர்த்துப் பார்த்த பொருள்களில் ஒன்று, சலவைத் தொட்டியில் போடும் இதே சோடியம் சிலிகேட். அந்த ஒற்றுமையைப் பார்க்கும்போது உண்மையிலேயே நம்பிக்கை வருகிறது.

சிக்கல் உப்பில் வருகிறது. அந்த 6,000 லிட்டரும் 2 மோலார் பைகார்பனேட்டாக இருந்தால், ஒரு டன் துணிக்கு 1,200 கிலோ உப்பு. கால் பங்காகக் குறைத்தாலும் 300 கிலோ. சாயக் கழிவுநீரால் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்குப் பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற ஜீரோ டிஸ்சார்ஜ் ஏற்பாட்டில்தான் அவை மறுபடி இயங்குகின்றன. சவ்வு வழியாக வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி உப்பை மீட்பதுதான் அங்கே பெரிய செலவு. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, ஒவ்வொரு கிராமும் காசு. எதையும் மிச்சம் வைக்காமல் தண்ணீராகப் போவதுதான் பெராக்சைடின் பெருமை, அதைத் தயாரிக்கவே உப்பைக் கொட்டினால் அந்தப் பெருமை போய்விடும்.

ஆகவே திருப்பூர் போன்ற இடத்துக்கு இன்றைய நிலையில் பொருத்தமாகத் தெரிவது, உப்பில்லாத திண்ம மின்பகுளியோடு கூடிய ஆக்சிஜன் ஒடுக்கப் பாதைதான். தண்ணீர் ஆக்சிஜனேற்றப் பாதை அங்கே வர வேண்டுமானால், மின்பகுளியைக் கலத்துக்குள்ளேயே சுற்றவிட்டு பெராக்சைடை மட்டும் பிரித்தெடுக்கும் வழி வேண்டும். அல்லது பைகார்பனேட்டின் துணையே இல்லாமல் சாதாரண நன்னீரில் ஹைட்ராக்சிலை அளவாகப் பிடித்து நிறுத்தும் ஒரு மேற்பரப்பு வேண்டும். அடுத்த முறை தலைப்பில் ஒரு சதவீதம் கண்ணில் பட்டால், அது எந்தக் கரைசலில் கிடைத்தது, லிட்டருக்கு எத்தனை கிராம் உப்போடு கிடைத்தது என்பதை முதலில் தேடிப் பாருங்கள்.